பதினேழாம் எண்

திரையில் நாற்பத்து மூன்று என்று வந்தது.

நாற்பத்திரண்டு என்றுதான் வந்திருக்க வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. பழைய போரில் செத்துப்போன சிப்பாய்களின் அட்டைகளைக் கணினியில் ஏற்றும் இந்த அலுவலகத்தில் அவளுக்கு இது ஆறாவது வருஷம். செங்கல் சூளையில் செத்தவர்களின் அட்டைக் கட்டை எட்டு மாதத்துக்கு முன்னால் பிரித்து, ஒவ்வொரு அட்டையாகத் தூசி தட்டி, ஸ்கேனரின் கண்ணாடி மேல் கவிழ்த்து, வெளிச்சம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஊர்ந்து போய்த் திரும்பும் வரை மூடியை அழுத்திப் பிடித்திருந்தவள் அவள்தான். நாற்பத்திரண்டு அட்டைகள். அவற்றில் ஏறியிருந்த சுட்ட மண் வாடை மூன்று நாள் அவள் விரலை விட்டுப் போகவில்லை. அந்தக் கையால் சாப்பிடப் பிடிக்காமல் ஸ்பூன் தேடியதுகூட ஞாபகம் இருந்தது.

மறுபடியும் 'செங்கல் சூளை' என்று அடித்துத் தேடினாள். நாற்பத்து மூன்று.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஹாலில் எப்போதும் ஒரு மந்தம் இருக்கும். பாதி பூமிக்குள் இறங்கிய கட்டடம், ஜன்னல் என்று பேருக்கு நாலு கம்பி, அதன் வழியே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பக்கத்து நாற்காலிக்காரிகள் இரண்டு பேரும் லீவு. கண்ணாடி அறைக்குள் பிரிவுத் தலைவர் மட்டும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அரைத் தூக்கத்தில் இருந்தார். மிஷினும் தூங்கி விழுகிறது போலிருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காலையில் வந்த பெரியவருக்காகத்தான் இந்தத் தேடலே. சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் துணிப் பை, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பேசினார்.

"செங்கல் சூளையில செத்தாங்களே, அந்தப் படைப்பிரிவுல எங்கப்பா இருந்தாரான்னு மட்டும் பாரும்மா. அவர் போர்ல சாகல. திரும்பி வந்து, கல்யாணம் பண்ணி, என்னைப் பெத்து, வயசாகி, படுக்கையிலதான் போனார். ஆனா கடைசி வரைக்கும் கதவுக்குக் குறுக்கே கட்டிலப் போட்டுத்தான் படுப்பார். சின்னப் பசங்க நாங்க ஒளிஞ்சு விளையாடுவோம் பாரு, நான் கண்ணப் பொத்திக்கிட்டு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சா, அவ்ளோ பெரிய மனுஷன் காதப் பொத்திக்கிட்டு உள்ள ஓடுவார்."

பேசிக்கொண்டே துணிப் பையிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்து மேஜை மேல் வைத்தார். சிப்பாய்கள் கழுத்தில் கட்டிக்கொள்ளும் வில்லை. படைப்பிரிவின் முத்திரை, அதற்குக் கீழே 17.

"தப்பிச்சு வந்தாரா, காட்டிக்கொடுத்துட்டு வந்தாரா... அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். எனக்கப்புறம் கேக்க ஆளில்ல."

"பார்த்துச் சொல்றேன் ஐயா. கொஞ்சம் நாளாகும்."

"ஆகட்டும்மா. எப்ப வேணா போன் பண்ணு. தனி ஆளு, யாராவது பேசினா எனக்குச் சந்தோஷம்தான்." படிவத்தில் தன் பெயர், தகப்பன் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் குண்டு குண்டான பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, வில்லையையும் அவளிடமே விட்டுவிட்டு, அவள் போன் நம்பர் போட்ட கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது என்பது அவளுக்கு அப்போதே தெரியும். சூளைக்குப் பிணம் எடுக்கப் போனவர்கள் எழுதிய அறிக்கை அந்தக் கட்டிலேயே இருந்தது. பிரிவின் பட்டியலில் ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை எண்கள். சூளைக்குள் கிடந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். கைகள் பின்னால் கம்பியால் கட்டப்பட்டு, அவரவர் துப்பாக்கிக் கத்தியாலேயே குத்தப்பட்டு, இரண்டு வரிசையாகக் கிடந்தார்கள். பதினேழை மட்டும் காணோம். சூளையின் உள்சுவரில் இடுப்பு உயரத்தில், கட்டிய கையோடு முதுகைச் சுவரில் சாய்த்து நகத்தால் கீறியது மாதிரி, கோணல்மாணலாக 17 என்று எழுதியிருந்ததாம். ஒரு இடத்தில் அல்ல, நாற்பத்திரண்டு இடத்தில். சாகும்போது அத்தனை பேர் மனதிலும் ஒரே ஆள்தான் இருந்திருக்கிறான்.

இதை எப்படி அந்தப் பெரியவரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பட்டியலைக் கீழே தள்ளினாள். பதினைந்து. பதினாறு. பதினேழு.

பதினேழு காலியாக இல்லை. அங்கே அவள் கணவனின் பெயர் இருந்தது.

பெயரை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் ஞாபகம் வந்தது. அசட்டுச் சிரிப்பும் வந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் இந்தத் தேடும் வசதி புதிதாக வந்தபோது, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆளுக்கொரு பொய்ப் பதிவு போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். 'சோதனை ஒன்று' என்று ஏதாவது அடித்து, பார்த்த கையோடு அழித்துவிட வேண்டும். அன்றைக்கு அவளுக்குக் கணவன் மேல் கொலைவெறி. அவன் பஸ் டிரைவர். முந்தின நாள் கொட்டுகிற மழையில் ஸ்டாப்பில் நின்று கை காட்டிய சொந்தப் பெண்டாட்டியைப் பார்க்காமலே, அவள் சேலை முழுக்கச் சேறடித்துவிட்டு, பஸ்ஸை நிறுத்தாமல் போனவன். அந்தக் கோபத்தில் அவனையே சிப்பாயாக்கினாள். உயரம், மார்பளவு, இடது புருவத்தில் தழும்பு என்று யோசிக்காமல் விரல் அடித்துக்கொண்டே போனது. நெருங்கிய உறவு: மனைவி. முகவரி: அவர்கள் வீட்டு முகவரி. பிரிவு: அப்போது மேஜையில் கிடந்த சூளைக் கட்டின் பிரிவு. எண் என்ற இடத்தில் ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை எதைப் போட்டாலும் 'ஏற்கெனவே உள்ளது' என்று சிவப்பாக வந்தது. காலியாக இருந்த ஒரே எண்ணைப் போட்டாள். மரணக் காரணத்துக்கு ஒரு பட்டியல் விரிந்தது. அதில் 'கத்திக்குத்து, பல' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். பக்கத்து நாற்காலிக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அழிக்க மறந்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை மொத்தப் பதிவுகளுக்கும் சீல் வைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

தலைவரிடம் திட்டு வாங்க வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டே பதிவைத் திறந்தாள். 'இந்தப் பதிவை முதலில் திறப்பவர் நீங்கள்' என்று ஒரு வரி வந்து மறைந்தது. அதன் கீழே ஒரு அட்டையின் படம் இருந்தது.

அவள் எந்த அட்டையையும் ஸ்கேன் செய்யவில்லை. இல்லாத ஆளுக்கு ஏது அட்டை? ஆனால் இருந்தது. ஓரம் கருகிய, பழுப்பேறிய அட்டை. அந்தக் காலத்து மையில், அந்தக் காலத்துச் சாய்ந்த கையெழுத்தில், அவள் அடித்த ஒவ்வொரு விவரமும். மூலையில் ஒட்டிய புகைப்படத்தில் சீருடையோடு அவன். இடது புருவத்தில் தழும்பு. கேமராவைப் பார்க்காமல் யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்பது போலத் தலையைப் பாதி திருப்பியிருந்தான். 'காயங்கள்' என்ற கட்டம் மட்டும் காலி.

சுட்ட மண் வாடை குப்பென்று அடித்தது.

கண்ணாடி அறைக்கு ஓடினாள். தலைவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, அவள் சொன்னதைக் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டார். "விளையாட்டுக்கும் ஒரு அளவு வேண்டாமாம்மா? சீல் வெச்சதை அழிக்க முடியாது. அந்த நம்பருக்கு உண்மையான ஆள் யாருன்னு ஆதாரத்தோட இருந்தா மாத்தலாம். இல்லேன்னா மேலிடத்துக்கு எழுதிப் போட்டுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

நாற்காலிக்குத் திரும்பி வந்து கணவனுக்குப் போன் போட்டாள். காலை ஷிப்ட் முடிந்து அவன் வீட்டில் இருக்கும் நேரம். மறுமுனையில் இரண்டு தடவை தொண்டையைச் செருமும் சத்தம். அது இல்லாமல் அவனுக்குப் பேச்சே வராது. வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்று அவள் கிண்டல் செய்வாள். இப்போது அந்தச் சத்தம் கேட்டதும் அழுகை வந்தது.

"என்ன மேடம், ஆபீஸ்ல வேலையே இல்லையா?"

"கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தித்தான் இருக்கு. ஏன், உங்கம்மா வராங்களா? பின்பக்கமா ஓடிடவா?"

"விளையாடாதீங்க. வெளியில யாராவது இருக்காங்களா?"

"அதான் நானே கேக்கணும்னு இருந்தேன். டீ போட்டுட்டிருந்தேனா, ஒரே பூட்ஸ் சத்தம். வரிசையா யாரோ வந்து நின்ன மாதிரி. எட்டிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல. செங்கல்லு சுடற மாதிரி ஒரு நாத்தம் வேற."

போனில் அவளுக்கும் கேட்டது. காய்ந்துபோன ஒரு குரல், வாயில் மண் இருக்கிற குரல், கொஞ்சம் தள்ளி நின்று சொன்னது.

"ஒண்ணு."

அவன் அலறினான். ஏதோ பாத்திரம் உருண்டது.

திரையில் காயங்கள் என்ற கட்டத்தில் ஒரு வரி ஊறி வந்தது. 1. இடது தோள், பின்புறம்.

"யாரோ குத்திட்டாங்கடி... பின்னால ஆளே இல்ல, ஆனா..."

"வெளிய ஓடுங்க! தெருவுக்கு ஓடுங்க!"

"ரெண்டு." இது வேறு குரல். இளசு.

2. வலது தொடை.

"கதவு திறக்க மாட்டேங்குது. அந்தப் பக்கம் பிடிச்சிருக்காங்க. ஐயோ, கையை... கையைப் பின்னாலே..." போன் தரையில் விழுந்தது. அதன் பிறகு அவன் குரல் தூரத்திலிருந்து வந்தது. கம்பி இறுகும் கிரீச்சென்ற சத்தம் மட்டும் பக்கத்தில் கேட்டது.

மூன்று. நான்கு. ஐந்து. ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு குரல் சொன்னது. ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு, நனைந்த சாக்கில் கத்தி இறங்கி வெளியே வரும் சத்தம். அவசரமே இல்லை. பூட்ஸ் சத்தத்திலேயே தெரிந்தது, குத்துவதற்கு முன் ஒரு அடி முன்னால் வைத்து, குத்திய பின் ஒரு அடி பின்னால் போய், அடுத்தவனுக்கு இடம் விட்டார்கள். வரிசை முறை தவறாதவர்கள். திரையில் வரிகள் ஊறிக்கொண்டே இருந்தன. முழங்கால். உள்ளங்கை, ஊடுருவி. விலா. விலா. அதே விலா.

அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். அப்புறம் அம்மா என்று கத்தினான். அப்புறம் சொல் எதுவும் இல்லை.

"பதினஞ்சு." வயிறு. "பதினாறு." வயிறு.

நின்றது.

முடிந்துவிட்டது என்று நினைத்தாள். அடுப்பில் டீ பொங்கி வழிந்து உஸ்ஸென்றது. அப்புறம் நாற்பத்திரண்டு தொண்டைகளும் ஒன்றாகச் சேர்ந்து கேட்டன.

"பதினேழு?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தன.

"என்னையா..." அவன் குரல் நுரைத்துக்கொண்டு வந்தது. "என்னையா கேக்கறாங்க?"

"பதில் சொல்லாதீங்க! ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்!"

உண்மையான ஆள். ஆதாரம். பித்தளை வில்லை மேஜை மேல் இருந்தது. அவள் கை தானாகவே அதை எடுத்து ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை அழுத்தியது. வெளிச்சம் ஊர்ந்தது. எண் பதினேழு, திருத்தம். பெயர் என்ற இடத்தில் பெரியவரின் தகப்பன் பெயரை அடித்தாள். அந்த ஆள் செத்து எத்தனையோ வருஷமாகிறது, செத்தவனை யார் என்ன செய்துவிட முடியும்? அடுத்த கட்டம் வந்தது. நெருங்கிய உறவு. முகவரி. அதை நிரப்பாமல் நகர மாட்டேன் என்றது.

படிவம் பக்கத்திலேயே இருந்தது. குண்டு குண்டான கையெழுத்து. யாராவது பேசினால் சந்தோஷம்தான்.

ஒரு நொடி தயங்கினாள் என்று சொன்னால் அது பொய். அரை நொடிகூட இல்லை. மகன் என்று அடித்தாள். தெருப் பெயரை அடித்தாள். வீட்டு எண்ணை அடித்தாள். ஒரு எழுத்துகூடத் தப்பில்லாமல் அடித்தாள்.

ஒரு அறிவிப்பு வந்தது. 'இந்த எண்ணில் ஏற்கெனவே உள்ளவர் பிரிவின் வரிசையில் கடைசியாகச் சேர்க்கப்படுவார். சம்மதமா?' தினமும் நூறு தடவை வரும் அறிவிப்புகளில் ஒன்று. படிக்காமலே ஆம் என்பதைத் தட்டினாள்.

போனில் யாரோ நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் குதிகாலில் திரும்பும் சத்தம். பூட்ஸ்கள் நடந்து தூரப் போயின. அதில் ஒரு ஜோடி மட்டும் நடை பழகாதது போல வரிசைக்குப் பின்தங்கித் தடுமாறிப் போயிற்று.

"ஹலோ? ஏங்க? ஹலோ?"

தலைவர் கூப்பிட்டது காதில் விழவில்லை. பையை எடுக்கவில்லை. போனை மட்டும் இறுக்கிக்கொண்டு படியேறி, வெயிலில், ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினாள். பத்து நிமிஷ நடை. எப்படி வந்தாளோ தெரியாது, வந்து சேர்ந்தாள்.

கதவு விரியத் திறந்து கிடந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பாத்திரம் கருகிவிட்டது. சமையலறைத் தரை முழுக்க ரத்தம். சுவரில் விசிறியடித்தது போல ரத்தம், டப்பாக்களில், காலண்டரில், அவள் காலையில் மடித்து வைத்த துண்டில். ரத்தத்தின் மேல் செங்கல் பொடியில் பதிந்த பூட்ஸ் தடங்கள். அறுந்த கம்பி ஒன்று, அதில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தோல்.

அவன் இல்லை.

படுக்கையறையில் இல்லை. குளியலறையில் இல்லை. யாரோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பார்கள், நல்ல மனுஷர்கள் இல்லாமலா போய்விட்டார்கள், பதினாறு குத்துதானே, பிழைத்துக்கொள்வான். அவள் வாய் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் அடுப்புப் பக்கம் போனது. அங்கே அவன் செருப்பு இருந்தது. ஒழுங்காக, ஜோடியாக, வேறு எதையோ மாட்டிக்கொள்வதற்காகக் கழற்றி வைத்தது போல. அவன் ஒரு நாளும் செருப்பை அப்படிச் சேர்த்து வைத்ததில்லை.

போன் அடித்தது.

"அம்மா, நான் காலைல வந்தேனே, அந்தப் பெரியவர்." குரலில் ஒரு மலர்ச்சி இருந்தது. "உன் நம்பரக் கார்டுல பார்த்தேன். வீட்டு வாசல்ல யாரோ நிறையப் பேர் வந்து நிக்கிற மாதிரி இருக்கும்மா. ஆபீஸ்லேர்ந்து அனுப்பினியா? எங்கப்பாவப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?"



"கட்டில்..." என்றாள். "கட்டிலக் கதவுக்குக் குறுக்கே போடுங்க ஐயா."

அவர் புரிந்துகொண்டார் போலிருந்தது. அப்புறம் கட்டில் கால் தரையைக் கீறிக்கொண்டு நகரும் சத்தம். கிழ உடம்பின் முனகல். பாதி தூரம். பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஒண்ணு."

அவள் போனை அணைக்கவில்லை. அந்த முகவரியை அடித்த கை அது. அந்தக் கையாலேயே பிடித்துக்கொண்டு கேட்டாள். ரத்தத்தில் உட்கார்ந்து கேட்டாள். பெரியவர் அலறவில்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் சின்னப் பிள்ளை மாதிரி ம் என்றார். ம். ம். பதினாறு வரைக்கும்.

"பதினேழு?"

"அது எங்கப்பா நம்பர்ப்பா," என்றார் பெரியவர், மெதுவாக. "அவர் போயிட்டார். நான்தான் இருக்கேன்."

"பதினெட்டு."

அதற்குப் பிறகு அவர் ம் என்று சொல்லவில்லை. எண்கள் மட்டும் வந்தன. கத்தி மட்டும் வந்தது. இருபது. முப்பது. சதையில் இறங்கிய சத்தம் எலும்பில் இறங்கும் சத்தமானது. பிறகு தரையில் பட்டு ணங்கென்றது. முப்பத்தொன்பது. நாற்பது. அவள் உதடும் கூடவே எண்ணியது. இன்னும் மூன்று. இன்னும் இரண்டு. முடிந்துவிடும். முடிந்துவிட்டால் அவனைத் தேடிப் போகலாம்.

"நாப்பத்தி மூணு."

குத்து.

அவ்வளவுதான். பட்டியல் அதோடு சரி. மறுமுனையில் சொட்டும் சத்தம் மட்டும்.

யாரும் குதிகாலில் திரும்பவில்லை. யாருக்காகவோ இடம் விட்டுக் காத்திருந்தார்கள். ஒரு ஜோடி பூட்ஸ், நடை பழகாதது, ஒரு அடி முன்னால் வைத்தது.

தொண்டையைச் செருமியது. இரண்டு தடவை.

"நாப்பத்தி நாலு."